எருக்குழிக்கும் ஓர் அகல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், கீழ்பென்னாத்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அங்கன்வாடியில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 69. கார்த்திகைத் தீபம் ஏற்றி இன்று நான்காம் நாள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் மலை உச்சியில் தீபம் இன்னும் தெரிகிறது. நேற்றும் முந்தாநாளும் மேகம் மூடிவிட்டது. இன்று மழைவிட்ட வானம். குங்குமப் பொட்டு அளவில் அசையாமல் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தீபத்தன்றும் மறுநாளும் உங்கள் நாளிதழில் வந்த செய்திகளை ஒரு வரி விடாமல் படித்தேன். எத்தனை லட்சம் பேர் வந்தார்கள், எத்தனை சிறப்புப் பஸ்கள் ஓடின, எத்தனை போலீஸார் நின்றார்கள், கொப்பரைக்கு எத்தனை கிலோ நெய் போனது என்று எல்லாம் இருந்தது. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் இரண்டு நாள் பத்திரிகையிலும் ஒரு வீட்டு வாசல் இல்லை. அகல் விளக்கு என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வந்தது, அதுவும் விலை ஏறிவிட்டது என்ற செய்தியில். எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறோம். அந்த உரிமையில் சொல்கிறேன், இது எனக்கு வருத்தமாக இருந்தது.

மலைத் தீபத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல என் நாக்கு எழாது. அதன் நிழலிலேயே வளர்ந்தவள் நான். விடியற்காலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்குச் சற்று முன் அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வந்து இரண்டே நிமிடம் காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏறும் அதே நேரத்தில் 2,668 அடி உயரத்தில், ஆள் உயரக் கொப்பரையில் மகாதீபம் எரியத் தொடங்கும். 3,000 கிலோவுக்கு மேல் நெய்யும், 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் அதற்கு வேண்டும். அதை ஏற்றும் உரிமை வழிவழியாகப் பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. மழையில் வழுக்கும் பாறையில் கொப்பரையையும் நெய்யையும் சுமந்து ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கால்களைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஆனால் மலை மேலே ஏற்றுவதோடு முடிகிற காரியமா இது? எங்கள் ஊர் மலைக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் இருக்கிறது. அன்று மாலை ஐந்தரை மணிக்கே எல்லா வீடுகளிலும் அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்திருப்போம். யாரும் ஏற்ற மாட்டார்கள். கிழவர்கள் திண்ணையிலும் பிள்ளைகள் மாடியிலும் ஏரிக்கரை மேட்டிலும் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேட்டிலிருக்கும் ஒரு பிள்ளை முதலில் கத்தும். உடனே ஊர் முழுக்க ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று ஒரே குரல். அதற்குப் பிறகுதான் தீக்குச்சி உரசும் சத்தம் வாசலுக்கு வாசல் கேட்கும். எங்கள் தெரு எரியும், பின் தெரு எரியும், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் எரியும், அதற்கு அப்பால் உள்ள ஊரின் விளக்குகள் தண்ணீரில் ஆடும். மலை உச்சியின் ஒரு விளக்கும் அதைப் பார்த்து ஊர்கள் ஏற்றிய ஆயிரம் விளக்கும் சேர்ந்ததைத்தான் நாங்கள் தீபம் என்று சொல்லி வளர்ந்தோம். இப்போது பலரும் ‘தீபத்துக்குப் போனீர்களா?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘தீபம் ஏற்றினீர்களா?’ என்ற கேள்வி அருகிவிட்டது. இதை உங்கள் வாசகர்களிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மிகப் பழைய காலத்திலிருந்தே இது தெருவின் திருவிழா. அகநானூற்றில் நக்கீரர் பாடிய 141-வது பாட்டு இருக்கிறது. மழை ஓய்ந்த வானத்தில் முழுநிலவு ஆறு விண்மீன்களோடு சேரும் கார்த்திகை இரவு. தெருவெல்லாம் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் பலரும் கூடிக் கொண்டாடும் விழா. பொருள் தேடப் போன கணவன் அதற்குள் வந்துவிட வேண்டும் என்று ஒருத்தி ஏங்குகிறாள். அந்த விழாக் காட்சியில் மலை உச்சி இல்லை, தெருதான் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மயிலாப்பூரில், பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் சாம்பலை முன்னால் வைத்துக்கொண்டு திருஞானசம்பந்தர் பாடினார். இந்த ஊரில் இன்னின்ன விழாக்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்க்காமல் போகிறாயா என்று ஒவ்வொன்றாக அடுக்கி அந்தப் பெண்ணை அழைக்கிறார். ஐப்பசி ஓணத்துக்கு அடுத்தபடியாகக் கார்த்திகை வருகிறது. அங்கே அவர் சொல்லும் சொல் ‘விளக்கீடு’. பெண்கள் கொண்டாடும் விளக்கீடு என்றே பாடுகிறார். இறந்த பெண்ணைத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட அவருக்கு வீட்டு வாசலில் பெண்கள் வைக்கிற விளக்கு போதுமானதாக இருந்தது. இந்தப் பதிகத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் தங்கையைப் பதினேழு வயதில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு, ஒவ்வொரு கார்த்திகைக்கும் அந்த வரி தானாக வாயில் வருகிறது.

இனி எங்கள் வீட்டு விளக்கீட்டைச் சொல்கிறேன். என் அப்பாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்போம். எழுதப் படிக்கத் தெரியாதவர். தீபத்துக்கு முதல் நாள் இரவே புது அகல்களை அண்டாத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்துவிடும். காலையில் எடுத்துக் கவிழ்த்துக் காயவைத்து மஞ்சளும் குங்குமமும் வைப்போம். திரி எல்லாம் தாத்தாவின் பழைய வேட்டி. இருபத்தேழு நட்சத்திரத்துக்கு இருபத்தேழு விளக்கு என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. ஆயாவுக்கு அந்தக் கணக்கு இல்லை, இடக் கணக்குத்தான். நிலைப்படியின் இரண்டு பக்கம், விளக்கு மாடம், துளசி மாடம், அம்மி, ஆட்டுக்கல், உரல், நெல் குதிர், கிணற்று மேடை, மாட்டுக் கொட்டகை, களம். வைக்கோல் போரின் பக்கம் மட்டும் போகக் கூடாது. கடைசி விளக்கு எருக்குழிக்கு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எருக்குழிக்கு விளக்குக் கொண்டுபோகும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் புதுப் பாவாடை கட்டியிருந்தேன். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் வீட்டுக் குப்பையும் கொட்டுகிற இடம்; மழையில் நொதநொதவென்று நாறும். மாட்டேன் என்று அழுதேன். சாமி விளக்கைக் குப்பையில் போய் வைக்கலாமா என்று வேறு கேட்டேன். ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. என் கையிலிருந்த விளக்கை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, “மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டார். சோறு என்றேன். “சோறு எங்கே விளைந்தது?” வயலில் என்றேன். “வயல் எதைத் தின்று விளைந்தது?” என்றார். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருவருமாகப் போனோம். ஒரு பிடி சாணத்தைத் தட்டி, அது சாயாதபடி அதில் அகலைப் பதித்து ஏற்றினோம். அந்த நாற்றத்துக்கு நடுவில் சுடர் சிறிதும் ஆடாமல் நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதைக் குப்பைக் கார்த்திகை என்பார்கள்.

பிறகு எவ்வளவோ ஆண்டு கழித்து, எங்கள் ஊர்ச் சிவன் கோயில் குருக்கள் தீபம் ஏற்றும்போது சொல்லும் சுலோகத்தின் பொருளைக் கேட்டேன். புழுவும் பூச்சியும் கொசுவும் மரமும், நீரிலும் நிலத்திலும் வாழும் எந்த உயிரானாலும், இந்த விளக்கைக் கண்டால் அதற்கு மறுபிறவித் துன்பம் இல்லாமல் போகட்டும் என்பதாம். புழு கண்ணில் படுகிற இடத்தில் விளக்கு வைக்க வேண்டுமானால் எருக்குழியை விட்டால் வேறு இடம் ஏது? சமஸ்கிருதமே அறியாத ஆயா அந்தச் சுலோகத்தின்படியே நடந்திருக்கிறார் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. பிரம்மனும் திருமாலும் அடிமுடி தேடிய கதையும், ஆறு கார்த்திகைப் பெண்கள் முருகனை வளர்த்த கதையும் எல்லோருக்கும் தெரிந்தவை, ஆண்டுதோறும் அச்சாகின்றன. இந்தக் கொசுவும் புழுவும் பற்றிய வேண்டுதல்தான் எனக்கு இந்தப் பண்டிகையின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது.

நாள் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்த்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும் சில ஆண்டுகளில் ஒரே நாளில் கூடாது. முருகன் கோயிலில் ஒரு நாள், சிவன் கோயிலில் ஒரு நாள், பெருமாள் கோயிலில் ஒரு நாள் என்று வரும். எது சரியான நாள் என்று தொலைக்காட்சியில் வாதம் செய்கிறார்கள். எங்கள் ஊரில் இந்தக் குழப்பமே இருந்ததில்லை. முதல் நாள் பெரிய கார்த்திகை, பிறகு நாட்டுக் கார்த்திகை, பிறகு தோட்டக் கார்த்திகை என்று மூன்று நாளும் ஏற்றுவோம். தோட்டக் கார்த்திகையன்று கிணற்றடியிலும் வரப்பிலும் ஏற்றுவது வழக்கம். மூன்று நாள் விளக்கு வைத்தால் எந்தச் சாமியின் நாளும் தப்பாது.

பலகாரம் என்றால் எங்கள் பக்கம் பொரிதான். நெல்பொரியும் அவல்பொரியும், வெல்லப் பாகு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். பாகு முத்திவிட்டால் உருண்டை கல்லாகிவிடும். இளகிவிட்டால் பிடிக்க வராது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்தில் குருத்தோலைக்குள் மாவை வைத்து அவித்து ஓலைக் கொழுக்கட்டை செய்கிறார்கள். என் மருமகள் அந்தப் பக்கத்துப் பெண். அவள் வந்த பிறகு எங்கள் வீட்டிலும் அதைச் செய்கிறோம். ஓலை வெந்த வாசம் வீட்டை நிறைக்கும். என் தம்பி ஒவ்வொரு கார்த்திகைக்கும் பொரியும் வெல்லமும் ஒரு தேங்காயும் கொண்டுவந்து கொடுப்பான். உடன்பிறந்தவளுக்குச் செய்யும் கார்த்திகைச் சீர் அது. முட்டி வலியால் அவனுக்கு இப்போது சைக்கிள் மிதிக்க முடியவில்லை. இந்த ஆண்டு டவுன் பஸ் ஏறி, மடியில் பொரி மூட்டையை வைத்துக்கொண்டு வந்தான்.

தம்பியைச் சொன்னதும் மாவளியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இதை அறியாத தலைமுறை வந்துவிட்டது என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டாசு தீபாவளிக்கு வருவதற்கு முன்பிருந்தே, கார்த்திகைக்குத் தீப்பொறி விளையாட்டாக எங்கள் பிள்ளைகளுக்கு இருந்தது மாவளி. மாவலி என்றும், கார்த்திகைப் பொறி என்றும் சொல்வதுண்டு. அதற்கு வேண்டியது ஆண்பனையின் பூ. ஆண்பனைப் பாளையிலிருந்து விரல் விரலாக நீளும் பூக்கள் காய்ந்து விழும். அவற்றை மழைக்கு முன்பே பொறுக்கிக் கூரையடியில் செருகி வைப்பார்கள். கார்த்திகை பிறந்ததும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, பூவை அடுக்கித் தீ வைப்பார்கள். நன்றாகப் பற்றிக்கொண்டதும் பச்சைத் தழையைப் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். இங்கேதான் கைப்பக்குவம். சற்றுத் தாமதித்தால் சாம்பலாகிவிடும். சாம்பலில் பொறி பறக்காது. அவசரப்பட்டு மூடினால் பூ அரைகுறையாக நின்றுவிடும். மறுநாள் திறந்தால் கரிய பூ, பூவாகவே இருக்கும். அதை அம்மியில் மைபோல் பொடித்து, சிலர் ஒரு பிடி உப்பும் சேர்த்து, பழைய பருத்தித் துணியில் இறுகச் சுருட்டிக் கட்டுவார்கள். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் இந்தச் சுருளை வைத்து, மேலும் கீழும் கட்டி, நீளமாகக் கயிறு கட்டினால் மாவளி தயார்.

சுருளின் முனையில் ஒரு தணலை வைத்து ஊதிவிட்டு, தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். முதல் இரண்டு சுற்றுக்கு ஒன்றும் இருக்காது. மூன்றாவது சுற்றில் காற்றுப் பட்டுப் பட்டென்று பொறி கிளம்பும். பிறகு சுற்றுகிறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். பொன்னால் செய்த ஒரு குடைதான் தெரியும். ‘மாவளியோ மாவளி!’ என்று கத்திக்கொண்டு ஏரிக்கரை நெடுகப் பிள்ளைகள் இடைவெளி விட்டு நின்று சுற்றுவார்கள். வெடிச் சத்தம் இல்லை. மாடு மிரளாது, கைக்குழந்தை பயப்படாது. காசும் செலவில்லை. என் தம்பி சுற்றினால் கயிறு அறுபடும்வரை நிறுத்த மாட்டான். அப்பா அவனை அடிப்பதற்குக் கம்பை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

சொக்கப்பனையும் பனையைச் சேர்ந்ததே. பட்டுப்போன பனையின் ஒரு துண்டைக் கோயிலுக்கு எதிரே நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த பனை ஓலையைக் கூம்பாகக் கட்டுவார்கள். சாமி புறப்பாடு வந்ததும் கற்பூரம் காட்டி அதற்குத் தீ வைப்பார்கள். எரிந்து முடிந்ததும் கரிந்த குச்சிக்கு ஒரே போட்டி. அதைக் கொண்டுபோய் வயலில் குத்தி வைத்தால் பயிரைப் பூச்சி அண்டாது என்பது உழவர்களின் நம்பிக்கை. எண்ணிப் பாருங்கள். பொறிக்கு ஆண்பனைப் பூ, மட்டைக்குப் பனைமட்டை, சொக்கப்பனைக்குப் பனந்துண்டும் ஓலையும், தெற்கே கொழுக்கட்டைக்குக் குருத்தோலை. பனை இல்லாவிட்டால் கார்த்திகையின் பாதி இல்லை.

அந்தப் பனையைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஏரிக்கரையில் நான் சிறுமியாக இருந்தபோது எண்ணி முடியாத வரிசையாக நின்றவற்றில், இன்று மிச்சம் பதினொன்று. அவற்றில் ஆண்பனை மூன்று. செங்கல் சூளைக்கு விறகாக முதலில் விலைபோனது ஆண்பனைதான். நுங்கு காய்க்காத மரம் எதற்கு என்று கேட்டார்கள். ஆண்பனையிலும் பதநீர் இறக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? பனை விதை ஊன்றினால் பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டாகும். பூத்த பிறகுதான் அது ஆணா பெண்ணா என்பதே தெரியும். இன்று ஓர் ஆண்பனையை வெட்டினால், இன்று பிறக்கும் குழந்தை பள்ளி முடிக்கும் வயதில்தான் அந்த இடத்தில் இன்னொன்று பூக்கும். அதுவும் ஆணாக அமைந்தால். பனை நம் மாநில மரம். 2021-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அறிவிப்பு காகிதத்தில் இருக்க, எங்கள் கரையில் அதன் பிறகும் இரண்டு மரங்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போயின. விடிந்து பார்த்தால் வெட்டுவாய் ஈரமாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு வேலை செய்துவருகிறேன். அந்த மூன்று ஆண்பனைகளின் கீழே விழும் பூவைப் பொறுக்கிச் சாக்கில் சேர்த்து வைக்கிறேன். தம்பி குழி வெட்டிக் கொடுக்கிறான். கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பு, என்னிடம் அங்கன்வாடியில் படித்தவர்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அம்மியில் பொடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த முறை பதினாறு பேர் வந்தார்கள், அவர்களில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். என் காலத்தில் பெண்களை மாவளி சுற்ற விட மாட்டார்கள்; இப்போது அந்தத் தடை இல்லை. வெட்டவெளியில், பருத்தி உடை உடுத்தி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்பது என் கட்டளை. ஒரு சிறுமிக்கு எத்தனை சுற்றியும் பொறி வரவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். என் தம்பி அவள் மாவளியை வாங்கி ஊதி, தணலைத் தள்ளி வைத்துக் கொடுத்தான். அடுத்த சுற்றில் கிளம்பியது பாருங்கள், அந்தப் பெண் கத்திய சத்தம்! ஏரிக்கு அக்கரையில் இருப்பவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

என் மகன் குடும்பம் சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது தளத்தில் இருக்கிறது. கார்த்திகையன்று மாலை பேத்தி போனில் கூப்பிட்டாள். “ஆயா, வாசலில் வைத்துவிட்டேன், பால்கனியில் வைத்துவிட்டேன், அம்மிக்குப் பதிலாக மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தேன். எருக்குழிக்கு எங்கே வைப்பது?” என்று கேட்டாள். அந்தக் கதையை அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன், மறக்கவில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு, உங்கள் குடியிருப்பில் குப்பை எங்கே சேர்கிறது என்று கேட்டேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில், பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் இருக்கிற இடத்தில் என்றாள். அங்கேயே வை என்றேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப்போய், தொட்டிகளுக்குத் தள்ளி, சுவரோரம் சிமென்ட் தரையில் வைத்திருக்கிறாள். காற்றில் அணையாமல் இருக்கக் காவல்காரர் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து மறைத்து வைத்தாராம். இரவுக் குப்பையை எடுக்க வந்த தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர், இங்கே யார் விளக்கு வைத்தது என்று விசாரித்து, வீட்டுக் கதவைத் தட்டிப் பேத்தியின் தலையில் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை என் மருமகள் சொன்னபோது அவளுக்கும் குரல் கம்மியது, எனக்கும் பேச்சு வரவில்லை. என் ஆயா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

கிரிவலம் வருகிறவர்களுக்கும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மகாதீபம் ஒரு நாளோடு அணைந்துவிடுவதில்லை. பதினொரு நாள் எரிகிறது. முதல் நாளே அந்த 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானோர் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு, குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு திணற வேண்டுமா? முதல் நாள் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் விளக்கு வையுங்கள். ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ வாருங்கள். நிதானமாக நடக்கலாம், நின்று பார்க்கலாம். பதினொரு நாளும் முடிந்த பிறகு கொப்பரையின் மையை எடுத்து, மார்கழி ஆதிரையில் நடராசருக்குச் சாத்திய பிறகு பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள்; அதற்கும் வரலாம். தீபத்துக்கு மறுநாள் பாதையோரம் மலைமலையாகக் கிடக்கும் பாக்கு மட்டைத் தட்டுகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் வாரிப் போடுகிறவர்கள் எங்கள் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள்தான். மூன்று நாளாக முதுகு நிமிர முடியவில்லை என்று ஒருத்தி நேற்று என்னிடம் சொன்னாள்.

2024-ஆம் ஆண்டை எங்களால் மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் முதல் தேதி மலைச்சரிவு இடிந்து, அடிவாரத்து வீட்டில் ஏழு பேர் மண்ணில் புதைந்து போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13-இல் தீபம். பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. தீபம் மட்டும் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. எங்கள் ஊரில் அந்த ஆண்டு மாவளி சுற்றவில்லை. யாரும் சொல்லாமலே, தெருவில் பல வீடுகளில் நிலைப்படியில் வழக்கத்துக்கு மேல் விளக்கு இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். எதிர்வீட்டில் ஏழு அதிகம். எங்கள் வீட்டில் நான் வைத்ததும் ஏழு.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த கார்த்திகைக்கு நெய்க் கணக்கும் பஸ் கணக்கும் போடுகிற பக்கத்திலேயே வீட்டு விளக்கீட்டுக்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். மாவளி எப்படிக் கட்டுவது என்று படத்தோடு போடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் வயதானவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு வழக்கம் சொல்வார்கள். கரிசல் காட்டில் சூந்து என்னும் பந்தம் கொளுத்துவது ஒரு விதம், எங்களுடையது ஒரு விதம். அதையெல்லாம் அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். மெழுகு ஊற்றிய விளக்கும், பேட்டரியில் மினுக்கும் விளக்கும் கடைகளை நிறைத்துவிட்டன. குயவர்கள் புரட்டாசி வெயிலிலேயே மண் பிசைந்து, ஐப்பசி மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடுக்கி உலர்த்துகிற அகலைப் பத்து வாங்குங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். சொக்கப்பனைக்கு உயிருள்ள மரத்தை வெட்டாமல், பட்டுப்போனதையோ காற்றில் விழுந்ததையோ எடுத்து வைக்கும்படி கோயில்காரர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் எழுதுங்கள். அப்படித்தான் முன்பு செய்தோம். ஆண்பனையையும் பனை என்று எழுதுங்கள்.

வரும் கோடையில் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பினால், எங்கள் கரையின் மூன்று ஆண்பனைகளையும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். பூ பொறுக்கும் பருவம் அது. சாக்கு என்னிடம் இருக்கிறது. தம்பியும் வருவான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கீழ்பென்னாத்தூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.